கூலிக்கு ஒரு தனி வரி

இன்று காலை அடுப்படிக் கதவைத் திருத்திய பொடியன் ஒரு துண்டுக் கடதாசியை என்னிடம் நீட்டினான். ‘கதவு வேலை’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு தொகை. அவ்வளவுதான். “மரத்துக்கு எவ்வளவு தம்பி, உம்மட கூலி எவ்வளவு?” என்று கேட்டேன். “எல்லாம் அதுக்குள்ள கிடக்கு ஐயா” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இதே பதிலைத்தான் நான் உன்னிடம் சொன்னேன்.

அப்போது திருகோணமலைத் துறைமுகம் முழுக்கக் கப்பல். கரையில் புதிது புதிதாகக் கொட்டகைகள் எழும்பின. அவற்றைக் கட்டிய கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் நான் கதவும் மேசையும் கட்டிலும் செய்துகொண்டிருந்தேன். தமிழ் எழுதுவேன், கணக்கும் இங்கிலீசும் எனக்கு வராது. வேலை முடிந்ததும் வாயால் ஒரு தொகை சொல்வேன். அவருடைய கந்தோரில் பில் பார்க்கும் கிளாக்கர் அதில் பாதியை வெட்டுவார். மிச்சத்தை மடியில் கட்டிக்கொண்டு வருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என்னைப் பிடித்து உட்காரவைத்தாய். மிசன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்துவிட்டு எனக்கு வாழ்க்கைப்பட்டவள் நீ.

“பலகைக்கு எவ்வளவு குடுத்தனீங்கள்? ஆணி, கதவுப் பிணைச்சல்? எத்தினை நாள் வேலை செய்தனீங்கள்?”

“எல்லாம் அதுக்குள்ள கிடக்கு.”

“அப்ப உங்கட கூலி எங்க கிடக்கு? பலகை விலை கிளாக்கருக்குத் தெரியும். அதில அவர் கை வைக்க ஏலாது. அவர் வெட்டுறது முழுக்க உங்கட கூலியைத்தான்.”

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றிலிருந்து பில்லை நீதான் எழுதினாய். மேலே என்ன வேலை, எந்த இடம் என்று இருக்கும். அதன் கீழே சாமான்: பலகையின் நீளம், அகலம், எண்ணிக்கை, விலை, கடையில் தந்த ரசீதுத் துண்டும் ஊசியால் குத்தியிருக்கும். பிறகு கோடு போட்டுக் கூலி தனியாக: ஆர், எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு. அவர்களே மரம் தந்தால், ‘உங்கள் மரம், விலை இல்லை’ என்று எழுதி, மிஞ்சிய பலகையைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஸ்டோர்காரரிடம் கையெழுத்தும் வாங்கச் சொல்வாய். கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி. ஒன்று அவர்களுக்கு, மற்றது உன் டிரங்குப் பெட்டிக்கு.

எனக்கு வெட்கமாக இருந்தது. “இவ்வளவு எழுதினா எங்களில சந்தேகம் வரும்” என்றேன். “எழுதாமல் விட்டாத்தான் வரும்” என்றாய்.

பிறகு ஒரு காலையில் துறைமுகத்தில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்தது. சாம்பல்தீவில் உன் அக்கா வீட்டில் சில கிழமை இருந்துவிட்டுத் திரும்பினோம். பாதிச் சனம் திரும்பவில்லை. வேலை மலைபோலக் கிடந்தது, மரத்துக்குத்தான் தட்டுப்பாடு. காயக்காரரை வைத்திருந்த கொட்டகைக்குக் கதவு செய்ய, கொந்தராத்து ஸ்டோரிலிருந்து முதிரைப் பலகை தந்தார்கள். நானும் என்னைப்போல மரவேலை செய்யும் இன்னும் இரண்டு ஓடாவிமாரும் செய்து முடித்தோம்.

அடுத்த மாதம் ஒருநாள் எங்களை வேலைத்தள வாசலிலேயே மறித்தார்கள். ஸ்டோர்காரர் புத்தகத்தோடு வந்தார்.

“ஓடாவியார், பன்னிரண்டு பலகை காணேல்லை. உள்ளுக்கு நிண்டது நீங்கள் மூண்டு பேரும்தான்.”

உளியும் சீவுளியும் இருந்த எங்கள் ஆயுதப் பெட்டிகளைப் பறித்து வைத்துக்கொண்டார்கள். பொலிசுக்கு அறிவிக்கப் போவதாகவும் சொன்னார்கள். “மிஞ்சினதைத் திருப்பித் தந்திட்டமே” என்றேன். “புத்தகத்தில இல்லை” என்றார் ஸ்டோர்காரர். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். நீ நேரே டிரங்குப் பெட்டியிடம் போனாய். அதைத் திறந்து அந்தக் கதவு வேலையின் பில் பிரதியைத் தேடி எடுத்தாய்.

“வாங்கோ போவம்.”

அந்த வாசலுக்கு அதுவரை ஒரு பெண்ணும் போய் நான் கண்டதில்லை. காவல்காரன் மறித்தபோது நீ இங்கிலீசில் ஏதோ சொன்னாய். அவன் உள்ளே ஓடிப்போய் எஞ்சினியர் துரையைக் கூட்டிவந்தான். நீ தாளை அவருக்கு முன் விரித்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் காட்டினாய். வாங்கினது நாற்பது பலகை. கதவுகளுக்குப் போனது இருபத்தெட்டு. திருப்பிக் கொடுத்தது பன்னிரண்டு. கீழே ஸ்டோர்காரரின் கையெழுத்து.

துரை தாளைப் பார்த்தார், ஸ்டோர்காரரைப் பார்த்தார். மனிதர் வெளிறிப்போனார். பலகையைத் திருப்பிக் கொடுத்த அன்று, அவர் கையெழுத்து வைத்த கையோடு சைரன் ஊதியது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எல்லாரும் பதுங்குகுழிக்கு ஓடினோம். அவர் தன் புத்தகத்தில் பதிய மறந்துவிட்டார். போய்ப் பார்த்தால், கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே பன்னிரண்டு பலகையும் அடுக்கியபடியே இருந்தன.

ஆயுதப் பெட்டிகளைத் துரையே எடுத்துத் தந்தார். இனி எல்லா ஓடாவிமாரும் இப்படித்தான் பில் தரவேண்டும் என்றார். அந்தக் கிழமையே எங்கள் வீட்டில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். நிலாவெளியிலிருந்தும் சல்லியிலிருந்தும் வந்தார்கள். பகல் முழுக்க அவர்களுக்கும் பில் எழுதினாய். “கூலியைச் சாமானோட கலக்காதேங்கோ அண்ணை” என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாய்.

என் அடுத்த பில்லை நீ எழுதி முடித்தபோது, “இன்னும் ஒரு வரி கிடக்கு” என்றேன்.

“என்னத்தை விட்டனான்?”

“கணக்கு எழுதின கூலி, அரை நாள். உன்ர பேரைப் போடு.”

“உங்களுக்கென்ன விசரே? இதுக்கெல்லாம் கூலி கேக்க ஏலாது.”

“என்ர கூலியைத் தனிய எழுதச் சொன்னது ஆர்?”

நீ பென்சிலை எடுத்துச் சீவினாய். பிறகு எழுதினாய். மற்ற வரிகளெல்லாம் அச்சுப்போல இருக்க, உன் பெயர் மட்டும் கொஞ்சம் கோணிப் போயிருந்தது.

சம்பள நாளில் நீண்ட வரிசை. கிளாக்கர் பில்லை வாசித்துக்கொண்டே வந்து, அந்த வரியில் நின்றார். “இது ஆர்? எந்த ஓடாவி?” என்றார்.

“என்ர மனுசி” என்றேன். பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஒரு சதமும் வெட்டாமல் முத்திரை குத்தினார்.

நீ போய் நான்கு வருடமாகிறது. என் கதவுகளைப் புகழ்ந்தவர்கள் பலர். அந்த வரிசையில் நின்று அந்த இரண்டு சொல்லைச் சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்ததுபோல வேறெப்போதும் நிமிர்ந்ததில்லை. உன்னைப் பற்றி இன்று யார் கேட்டாலும், அதே குரலில்தான் பதில் சொல்கிறேன்.