ஓடை வழியாக அளந்த தூரம்

அக்கா,

நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பொய்யாக அளக்கவில்லை. இரண்டு பள்ளிக்கும் நடுவே மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் சின்னதை மூடிப் பெரியதோடு சேர்க்கலாம் என்பது விதி. உன் பள்ளியிலிருந்து பெரிய பள்ளிக்குச் சாலை வழியே அளந்தேன், ஐந்து வந்தது. "வேற வழியே இல்லையாப்பா?" என்றார் அதிகாரி, என் பதவி உயர்வுக் கோப்பைப் புரட்டிக்கொண்டே.

இருந்தது. நாம் பள்ளிக்கூடம் போகும்போது, நீ என் கையைப் பிடித்து ஓடைக்குள் இறக்கி ஏற்றுவாயே, அந்த வழி. இரண்டே முக்கால்.

நேற்று அடைமழை. மனசு கேட்காமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஓடையில் என் இடுப்பளவு தண்ணீர். மூடிய உன் பள்ளியின் பதினோரு பிள்ளைகளும் சொட்டச் சொட்ட நனைந்து சாலையைச் சுற்றி வந்தார்கள், முன்னால் நீ. நான் சீட்டுக்குள் குனிந்துகொண்டேன்.

"டீச்சர், அளந்தவருக்கு மழை வந்தா ஓடையில தண்ணி வரும்னு தெரியாதா?" என்று ஜீப்பைக் கடக்கும்போது ஒரு வாண்டு கேட்டது.

"தெரியாதும்மா. அவர் வெளியூர்க்காரர்" என்றாய்.

ஜீப்பைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாயா அக்கா?

'உன் தம்பி' என்று போடக் கை வரவில்லை.

இப்படிக்கு,
வெளியூர்க்காரன்