பாசஞ்சர் வண்டியில் போகும் நேரம்

விழுப்புரம்,
செவ்வாய்க்கிழமை.

மலரின் அப்பாவுக்கு,

நானும் மலர்விழியும் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? கீழ் வீட்டுச் சக்கரபாணி நாளை மஸ்கட் திரும்புகிறார். வேர்க்கடலை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டையோடு இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போன் இருக்க எழுத்து எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் முடிவைச் சொல்லிவிடுகிறீர்கள்.

விஷயம் விடுதிதான். தினமும் திண்டிவனம் போய் வருவதிலேயே பெண்ணின் நேரம் பாழாகிறது, சாயந்திரம் போட்டோ ஸ்டுடியோ வேலையும் சேர்ந்தால் எப்போது படிப்பாள் என்றீர்கள். ஸ்டுடியோவை விட்டுவிட்டு, வரும் திங்கட்கிழமை கல்லூரி விடுதியில் சேரட்டும் என்றீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போன மாதம் நானே ஒரு கால அட்டவணை போட்டு பீரோவில் ஒட்டினேன். ரயிலில் போகும் நேரத்தை வீண் என்று கழித்துவிட்டு மீதியைப் பங்கு பிரித்திருந்தேன். பொருளாதாரம் படித்தவள் வேறு எப்படிப் போடுவாள்? மலர் பார்த்துவிட்டு, "அழகா இருக்கும்மா" என்றாள். அதோடு சரி.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவே இல்லை. வீட்டில் அவள் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதே அபூர்வம். வேலை முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள். அப்படியும் புள்ளியியல் தவிர எல்லாத் தாளிலும் தேறியிருக்கிறாள். எங்கேதான் படிக்கிறாள்? நேற்று எங்கள் பள்ளியில் ஏதோ தேர்வு மையம் போட்டிருந்ததால் எனக்கு விடுமுறை. அவளோடு பாசஞ்சரில் நானும் ஏறினேன். "வேவு பாக்க வர்றியாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன்.

விக்கிரவாண்டியில் அவள் தோழிகள் இருதயமேரியும் அமலாவும் ஏறினார்கள். ஏறியதும் பாடம் ஆரம்பித்துவிட்டது. ஆளுக்கு ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம். புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் இறங்கும்வரை நிற்க வேண்டும். ஜன்னல் காலியாக இருந்தும் அமலா நின்றுகொண்டே வந்தாள்.

இருதயமேரி தேய்மானம் சொன்னாள். எதிரே மல்லாட்டை விற்கும் வீரம்மாளின் கூடையைக் காட்டி, இது வருஷா வருஷம் எவ்வளவு மதிப்பு குறையும் என்று ஆரம்பித்தாள். வீரம்மாள் விடவில்லை. "எங் கூடைக்கு இன்னாடி கொறச்சல்? தெனம் இவளுங்க பேஜாரு தாங்கல. எனக்கே எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சி. சர்ட்டிபிகேட்டு ஒண்ணுதான் பாக்கி!" பெட்டியே சிரித்தது. எக்ஸ்பிரஸுக்கு வழி விட வண்டியைப் பேரணி ஸ்டேஷனில் நிறுத்தினார்கள். எல்லோரும் முணுமுணுத்தார்கள். இவர்கள் மட்டும், "நிக்கட்டும்டி, இன்னொரு கணக்கு போட்டுக்கினு போலாம்" என்றார்கள்.

உங்களுக்குச் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. வெறும் அரட்டையோ என்று குறுக்கே ஒரு கேள்வி கேட்டேன். மலர் தப்பாகச் சொன்னாள், இருதயமேரி திருத்தினாள், மலர் எழுந்து நின்றாள். இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. புள்ளியியல் அந்த மூன்று பேருக்குமே வரவில்லை. அதற்குத் தனியாக யாரிடமாவது சொல்லிவைக்க வேண்டும்.

சாயந்திரம் ஸ்டுடியோவுக்கும் போனேன். கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஆல்பமாக அடுக்குகிறாள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "யாரு யாரப் பாத்து மொறைக்கிறாங்கன்னு பொண்ணு மாப்பிள்ளைக்கே தெரியாதும்மா, எனக்குத் தெரியும்" என்றாள். முதலாளி அப்பாதுரை, ஆல்பத்தின் முதல் மூன்று பக்கங்களைத் தன்னைத் தொடவே விடுவதில்லை என்று அவளைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார். அவர் முகத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை.

இதையெல்லாம் விட இன்னொன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். காலையில் வண்டி மயிலம் தாண்டியதும், அடுத்த வாரத்துப் பாடங்களைப் பிரித்தார்கள். மூன்று பங்காக இல்லை, இரண்டாக. மலரின் பங்கில் பாதியை அமலா கேட்டாள், மீதியை இருதயமேரி எடுத்துக்கொண்டாள். எது யாருக்கு என்று மலரே சொன்னாள். திங்கட்கிழமை முதல் அவள்தான் அந்த வண்டியில் இருக்க மாட்டாளே.

பிளாட்பாரத்தில், உனக்கு விடுதிக்குப் போக இஷ்டமா என்று கேட்டேன். "அதான் அப்பா சொல்லிட்டாரே" என்றாள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "நீ இன்னாம்மா சொல்ற?" என்றாள். உங்களிடம் கேட்காமல் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். பெட்டியில் துணி அடுக்கியாகிவிட்டது. அவள் போய்விட்டால் ஒரு ஆளுக்கு எப்படி உலை வைப்பது என்று எனக்குத் தெரியாது. அது என் பாடு, இந்த விஷயத்தில் அதைச் சேர்க்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது போனை மலரிடம் கொடுத்துவிட்டு நான் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவேன். அவளுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அவள் மெதுவாகத்தான் சொல்லுவாள், நடுநடுவே நிறுத்துவாள். லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.

வெயிலில் வெறுந்தலையோடு வேலைக்குப் போகாதீர்கள். கடவுள் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
பிரபாவதி.