நானும் ஃபெயில் என்று சொன்ன நாள்

அன்பு மகள் லட்ரீஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் எர்னஸ்டீன் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் கோடியாக் தீவுக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல், ஆஸ்பத்திரி வேலையில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அத்தை பாதி நாள் என் சமையலறை மேசையில்தான் இருக்கிறாள், அவள் காதுபட இதை இன்னொரு முறை பேச எனக்குத் துணிச்சல் இல்லை. அதோடு போனில் சொன்னால் பாதியிலேயே நீ பரவாயில்லைம்மா என்று சொல்லிவிடுவாய். அதைக் கேட்க எனக்கு இப்போது இஷ்டமில்லை.

நேராகச் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் லைசென்ஸுக்காக நானும் அத்தையும் ஜாக்சனுக்குப் போய்ப் பரீட்சை எழுதினோமே, இரண்டு பேரும் ஃபெயில் என்று உனக்குச் சொன்னேனே, அது பொய். அத்தை ஃபெயில், நான் பாஸ். நீ இரண்டு பேருக்கும் ஆறுதலாக, அடுத்த தடவை இரண்டு பேரும் ஜெயிப்பீர்கள் என்று சீட்டு எழுதிப் பெட்டியில் வைத்து அனுப்பிய சால்மன் மீனை அவள் எதிரே உட்கார்ந்து நானும் தின்றேன். பெற்ற மகளிடம் பொய் சொல்லிப் பரிசு வாங்கித் தின்றவள் நான், அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

உனக்குத் தெரியும், இந்த லைசென்ஸ் ஆசை அத்தையுடையது. கெளுத்தி மீன் ஆலையில் அவள் மீன் வெட்டிய வரிசையை மூடிய பிறகு அவளுக்கு வேறு வருமானம் இல்லை, இத்தனை வருஷம் கத்தி பிடித்த வலது கை இரண்டு விரலில் உணர்ச்சியும் இல்லை. நம் வீட்டில் அப்பா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார், எப்படியோ ஓடுகிறது. பிக்கெட் இன்சூரன்ஸ் ஆபீஸில் இரண்டு நாற்காலி காலியாக இருக்கிறது, அக்டோபர் முடிவதற்குள் லைசென்ஸோடு வந்தால் உங்களுக்கு, இல்லையென்றால் வேறு ஆள் என்று பிக்கெட் சொன்னதும் அத்தை ஒரு நீலக் கோட்டு சூட்டே வாங்கிவிட்டாள், மீன் வாடை படாத உடுப்பு இது ஒன்னுதான்டி என்கிட்ட என்று அதை இன்னும் பிளாஸ்டிக் உறையோடு கதவில் மாட்டி வைத்திருக்கிறாள். நான் துணைக்குத்தான் சேர்ந்தேன். தனியாகப் படித்தால் அவளுக்குத் தூக்கம் வருகிறது, கூட ஒருத்தி இருந்தால் சண்டை போட்டாவது விழித்திருப்பேன் என்றாள், அதனால் உட்கார்ந்தேன். பிரீமியம், நாமினி, லாப்ஸ், தவணை தவறினால் கொடுக்கும் கருணைக் காலம் என்று அவள் உரக்கப் படிக்கப் படிக்க, பட்டாணி உரித்துக்கொண்டு கேட்ட எனக்கு அது எப்படியோ மண்டையில் ஏறிவிட்டது. பாடுபட்டவள் ஒருத்தி, பலன் ஒருத்திக்கு. இதை நினைத்தாலே எனக்கு முகம் சுண்டிப் போகிறது.

பரீட்சை அறையிலிருந்து வெளியே வரும்போது மேசையில் இருந்த பெண் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். பாஸ் என்று ஒரு வரி. சந்தோஷம் தலைக்கேறி அதை ஆட்டிக்கொண்டே காருக்கு வந்தேன். அத்தை முன்சீட்டில் இருந்தாள், அவள் காகிதத்தில் எந்தப் பகுதியில் எவ்வளவு குறைவு என்று கீழே வரை அச்சடித்திருந்தது, அவள் அழவில்லை, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உனக்கு என்ன ஆச்சுடி என்றாள். என் வாய் தானாகச் சொன்னது, நானும் ஃபெயில் அண்ணி என்று. காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துவிட்டேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்து, போகட்டும் விடு, விழுந்தாலும் ஜோடியா விழுந்தோம் என்றாள். வழியில் எனக்குப் பசித்தது, வழக்கமான கடையில் நிறுத்தி வறுத்த மீனும் சோள உருண்டையும் வாங்கினேன், என் தட்டைக் காலி செய்துவிட்டு அவள் தொடாத தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அந்த ஒரு வார்த்தையைத் தாங்கிப் பிடிக்க மற்ற பொய்களெல்லாம் வரிசையாக வந்தன. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் எங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லி, இந்த வயதில் புத்தகம் எடுத்த நம் சகோதரிகளுக்கு ஞாபக சக்தியைக் கொடும் என்று ஜெபித்தார், சபை முழுவதும் ஆமென் என்றது, நானும் தலையைக் குனிந்துகொண்டு ஆமென் என்றேன். கர்த்தருக்கே கணக்குக் காட்டாமல் கடந்துபோகப் பார்த்தேன். வீட்டில் அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு, பாஸ் பண்ணிட்டு மூக்கைச் சிந்தற பொம்பள இந்த மிசிசிப்பியிலயே நீ ஒருத்திதான் என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, எங்கக்காவுக்கு இரக்கப்பட்டா பிடிக்காது வெர்லீன், சீக்கிரம் சொல்லிடு என்றார். நான் நாளை நாளை என்று தள்ளினேன். மறுபடியும் அவளோடு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன், பாஸான பாடத்தை ஃபெயிலானவள் மாதிரி படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குச் சொல்வேன்.

இனி எழுதுவதுதான் என் நெஞ்சை அறுப்பது. ஒருவர் உயிர்மேல் நாம் பாலிசி எடுக்க வேண்டுமானால், அவர் போனால் நமக்கு நஷ்டம் என்கிற மாதிரி ஒரு பந்தம் இருக்க வேண்டும். அந்தப் பந்தம் எப்போது இருக்க வேண்டும், பாலிசி எடுக்கும்போதா, ஆள் சாகும்போதா என்று ஒரு கேள்வி. எடுக்கும்போது இருந்தால் போதும், பிறகு அறுந்தாலும் பாலிசி செல்லும். முதல் முறை படிக்கும்போதே அத்தை இதைப் பிடித்துக்கொண்டு மேசையைத் தட்டிச் சிரித்தாள். அவளை விட்டுவிட்டு முடி அலங்காரக்காரியோடு மெம்ஃபிஸுக்குப் போன ரூஸ்வெல்ட் மாமாவை நினைத்துக்கொண்டு, அப்போ அந்தத் துரை மேல நான் எடுத்த பாலிசி இன்னமும் செல்லும்டி, அவன் வேணா ஓடிப் போகலாம், பாலிசி எங்கயும் ஓடாது என்றாள். அன்று இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்படிப்பட்ட கேள்வி அது. இரண்டாவது பரீட்சைக்கு முந்தின வாரம் அவள் கேட்கக் கேட்க நான் மளமளவென்று விடை சொல்லிக்கொண்டிருந்தேன், திடீரென்று புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து என்னையே பார்த்தாள். எல்லாத்துக்கும் கரெக்டா சொல்றியே, அப்புறம் எப்படிடி ஃபெயிலான என்றாள். அடுத்ததைக் கேள் அண்ணி என்றேன். அடுத்து வந்த கேள்வி இதுதான். அவள் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன், ஆள் சாகும்போது பந்தம் இருக்கணும் அண்ணி என்றேன். அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். தப்பித்தேன் என்று நான் எழுந்துபோய் அடுப்பில் கீரையைக் கிளறினேன்.

பரீட்சைக்கு எனக்கு அன்றைக்கு இடம் கிடைக்கவில்லை, அடுத்த வாரம்தான் என்று இன்னொரு பொய் சொல்லி, டிரைவராக மட்டும் போனேன். அத்தைக்கு ஒரே ஒரு மதிப்பெண்ணில் போய்விட்டது லட்ரீஸ். காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, அந்தப் பந்தம் கேள்வி வந்துச்சு, நீ சொன்னதையே போட்டேன் என்றாள். என் மேல் பழி சொல்லும் குரலே இல்லை அது, நடந்ததைச் சொல்கிற குரல். திரும்ப வேண்டிய சாலையை விட்டுவிட்டு வெகுதூரம் போய்விட்டேன், அவள்தான் எங்கடி போற என்று கேட்டாள். அன்று எங்கும் நிறுத்திச் சாப்பிடவில்லை.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து, வாசலில் நின்று வருகிறவர்களை உட்கார வைக்கும் அத்தை மாதிரிப் பெண்கள் உடுப்பு மாற்றும் சின்ன அறையில், அவள் வெள்ளைக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். நான் முதல் தடவையே பாஸ் அண்ணி, அந்தக் கேள்விக்கு நான் சொன்னது தப்பு, தெரிந்தேதான் தப்பாகச் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழுதேன். அவள் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து நேராக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நீ பாஸுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி என்றாள். ஃபெயிலான எவளுக்குடி அப்படிப் பசிக்கும், என் தட்டையும் சேர்த்துல்ல வழிச்சுத் தின்ன என்றாள். அப்புறம் ஏன் அண்ணி என்கூட உட்கார்ந்து படித்தாய், ஏன் கேட்கவில்லை என்றேன். நீயா சொல்லுவேன்னு பார்த்தேன், சொல்லல, சரி பாஸானவ பக்கத்துல உக்காந்து படிச்சா நமக்கும் நாலு எழுத்து ஒட்டும்னு விட்டுட்டேன் என்றாள். அப்புறம் கையுறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள், அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாதுன்னா நெனச்ச, ரூஸ்வெல்ட் கதை மறக்குமா, முதல்ல சரியான விடையிலதான் குத்தினேன், அப்புறம் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு, நீ பாஸானவ, நான் ஃபெயிலானவ, உனக்குத்தான் சரியாத் தெரியும்னு மாத்திக் குத்தினேன் என்றாள்.

நான் முட்டாள் என்று அவள் நம்ப வேண்டுமென்று சொன்ன பொய், நான் கெட்டிக்காரி என்று அவள் நம்பியதால் அவளைக் கவிழ்த்துவிட்டது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். என்னைப் பார்த்து இரக்கப்படற மாதிரி வெச்சிட்டியேடி என்று மட்டும் சொல்லிவிட்டு, சபை சாப்பாட்டுக்குப் பீன்ஸ் பரிமாறப் போய்விட்டாள்.

வரும் புதன்கிழமை மூன்றாவது தடவை எழுதுகிறாள், அதில் போனால் பிக்கெட் நாற்காலியும் போய்விடும். என் லைசென்ஸுக்கு விண்ணப்பம் போடு, வீணாக்காதே என்று அவளே சொல்கிறாள், அவள் முடிவு தெரியாமல் எனக்குக் கை வரவில்லை, இதுவும் அதே பொய்க்கு வேறு சட்டை என்கிறார் உன் அப்பா. என்னைத்தான் கார் ஓட்டச் சொல்லியிருக்கிறாள், ஆனால் வழியில் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கண்டிஷன். மேசைக்கு இன்னும் வருகிறாள், தனக்குள்ளேயே படித்துக்கொள்கிறாள், என்னைக் கேட்பதில்லை. நேற்று மட்டும் கருணைக் காலத்தில் ஆள் செத்தால் பணம் உண்டா என்று கேட்டாள். உண்டு, கட்டாத பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு கொடுப்பார்கள் என்றேன். சரியான விடைதான். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் பக்கங்களைத் திருப்பி, அந்த இடத்தைத் தேடி, விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். முன்பெல்லாம் நான் சொன்னால் அவள் பார்க்க மாட்டாள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கை படும் நோயாளிகள் எல்லாம் எழுந்து நடப்பார்களாக. புதன்கிழமை சாயங்காலம் அத்தைக்குப் போன் போடு, எனக்குப் போடாதே. ஆறுதல் ஒன்றும் சொல்லாதே, என்ன ஆச்சு அத்தை என்று மட்டும் கேள், அவள் சொல்வதை அப்படியே நம்பு. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே.

உன்னிடமும் பொய் சொன்ன,
உன் அம்மா
வெர்லீன்