தலையில் மைனஸ் ஒன்று

என் செல்ல அக்கா,

நம் புத்தகத்தின் அச்சுப்படி திருத்தத்துக்கு வந்துவிட்டது. தமிழ்வழியில் கணிதம் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்காக நீ பாதி, நான் பாதி எழுதினோமே, அதுதான். உன் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்ட? சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

உள்ளே நம் சண்டை அப்படியே இருக்கிறது. டேன் மதிப்பு தெரிந்தால் கோணத்தைக் கண்டுபிடிக்கும் அந்த நேர்மாறுச் சார்பை நீ arctan என்று எழுதியிருக்கிறாய். நான் tan⁻¹ என்று எழுதியிருக்கிறேன். ஏதாவது ஒன்றை முடிவு செய்யுங்கள் என்கிறார் பதிப்பாளர். என் ஒருத்தியிடம் கேட்கிறார், அக்கா.

அன்று போனில் என்ன சத்தம் போட்டாய்! "ஏட்டி, டேன் தலையில ரெண்டு போட்டா வர்க்கம்னு சொல்லுதோம். அதே இடத்துல மைனஸ் ஒண்ணு போட்டா, இது அடுக்கு இல்ல, வேறன்னு சொல்லுதோம். பிள்ளைக ஒன் பை டேன்னு போடத்தான செய்யும்?"

நானும் விடவில்லை. "பரீச்சைத் தாள்ல எது வருதோ அதத்தான சொல்லிக் குடுக்கணும்? ஊர்ல இல்லாத குறியீடு நமக்கு மட்டும் எதுக்கு?"

"நாளைக்கு வாரேன், நேர்ல வச்சுக்கிடுதேன் ஒன்ன" என்று போனை வைத்தாய். விடிந்ததும் உன் மகன்தான் கூப்பிட்டான். மாரடைப்பு என்றான். வந்து என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாமே, ஏன் வரவில்லை?

ஆற்றில் இப்போது தண்ணீர் நிறையப் போகிறது. உன் வீட்டு முருங்கை காய்த்துத் தொங்குகிறது. பறிக்கப் போனேன்; பூட்டிய கதவைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன்.

"அக்கா எழுதுன மாதிரியே எல்லா இடத்துலயும் போட்டுருவமா மேடம்? ஒரு மரியாதையா இருக்கும்லா" என்று கேட்டார் பதிப்பாளர். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பரீச்சை அறையில் tan⁻¹ஐப் பார்த்து முழிக்கிற பிள்ளைக்கு நம் பாசம் என்ன உதவி செய்யும்?

உன் பாடங்களில் நானே மாற்றினேன். கணினியில் ஒரே சொடுக்கில் மாற்றலாம் என்றார்கள், மனம் வரவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பேனாவை வைத்துக்கொண்டு, நீ சத்தம் போடுவாய் என்று காத்திருந்தேன். ஜெயித்துவிட்டேன் அக்கா. இப்படியா ஜெயிப்பது?

ஒன்று மட்டும் சொல்கிறேன். பலகையில் tan⁻¹ என்று எழுதினாலும், வேலையில் இருக்கும் வரைக்கும் ஆர்க்டேன் என்றுதான் வாயால் வாசிப்பேன். எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்றா என்று பிள்ளைகள் கேட்கட்டும். எங்க அக்கா இப்படித்தான் சொல்லுவா என்பேன்.

உன்னோடு சண்டை இன்னும் தீராத,
தங்கச்சி