ஒரு நிலையம் மட்டும் பிடிக்கும் பெட்டி

வெள்ளி, நவம்பர் 5, 2004

மழை. சாக்கடை மூடியெல்லாம் மேப்பிள் இலை. சப்பாத்துக்குள் குளம்.

புதுக் கொப்பி. தமிழில்தான் எழுதப் போகிறேன். பிரெஞ்சில் எழுதினால் தம்பி படிப்பான். தமிழ் படிக்க அம்மாவுக்குக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி எங்கே என்று அம்மாவுக்கே தெரியாது. பூட்டுச் செலவு மிச்சம்.

இன்று செய்தவை: கணக்குப் பரீட்சை (கணக்கில் எடுக்கத் தேவையில்லை). மத்தியானம் பாண். பின்னேரம் டிலானிக்கு வானொலி.

கடைசி விஷயத்தை விளக்கமாக எழுத வேண்டும், வயது போனபின் எனக்கே விளங்காது.

ஒலிவ வானொலி. சுருக்கமாக ஒ.வா. (ஓ, வா!) மொன்றியலில் தமிழில் நாள் முழுக்கக் கதைக்கிற கிறிஸ்தவ வானொலி. பாட்டுக் குறைவு, பேச்சுக் கூட. காலையில் தியானம், பத்து மணிக்குக் குடும்ப ஆலோசனை, மத்தியானம் மரண அறிவித்தல், அதற்குப் பின்னால் வாடகை அறை அறிவித்தல் (ஒருவர் போனால்தானே அறை காலியாகும்). சாதாரண ரேடியோவில் பிடிக்காது. அவர்களே விற்கிற ஒரு கறுப்புப் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியில் வேறொன்றும் பிடிக்காது. திருப்புகிற குமிழ்கூட இல்லை. சத்தம் கூட்டலாம், குறைக்கலாம், மனந்திரும்பலாம்.

என் சிநேகிதி டிலானி வீட்டார் ஓகஸ்ட் முடிவில் ரொறன்ரோ போனார்கள். அங்கே ஒ.வா. எட்டாது, இந்தப் பெட்டி வெறும் செங்கல். அதனால் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது என் அறையில். அம்மாவின் பெட்டி குசினியில். வீட்டின் இரு பக்கமும் ஒ.வா.வை நடத்துகிற போதகர் ஐயா (இனி போ.ஐ.).

வெள்ளி ஆறரைக்கு 'மனம் திறந்து'. நேயர்கள் ஃபோனில் கேள்வி கேட்பார்கள், போ.ஐ. பதில் சொல்வார். டிலானியும் நானும் இதற்கு நிரந்தர நேயர்கள், நிரந்தரமில்லாத பெயர்களில். ஒருமுறை நான் கிழவிக் குரலில், "ஐயா, யோனாவை விழுங்கின மீனுக்கு அந்த மூண்டு நாளும் வயித்துக்குத்து இருந்திருக்குமோ?" என்று கேட்டேன். டிலானி தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். போ.ஐ. நிகழ்ச்சி முடியும்வரை மீனின் சமிபாடு பற்றி விளக்கினார்.

இப்போது அவள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில். அதனால் வெள்ளி தோறும் நான் அவளுக்கு ஃபோன் எடுத்து, அதைப் பெட்டியோடு சேர்த்துப் பிடிக்கிறேன். ஆறு மணிக்குப் பிறகு எவ்வளவு கதைத்தாலும் ஒரே காசு என்று அப்பா ஒரு திட்டம் எடுத்திருக்கிறார். நடுநடுவே என் விமர்சனமும் போகும். இன்று அவளுடைய அம்மா றஜனி அன்ரி ஒ.வா.வுக்கு ஃபோன் எடுக்கிற மாதிரிச் செய்து காட்டினேன். "ஐயா, நான் றஜனி கதைக்கிறன், கேக்குதோ? ஐயா, கேக்குதோ?" பின்னால் பெட்டி கீச்சிட, "அம்மா, ரேடியோவைக் குறையுங்கோ" என்று ஐயா கெஞ்ச.

டி. தொடக்கத்தில் "ஹாய்" சொன்னாள். பிறகு சத்தம் இல்லை. கோப்பை கழுவுகிற ஓசை மட்டும். சிரிப்பை அடக்குகிறாள் போல.

திங்கள், நவம்பர் 8

குளிர். கையுறை ஒன்றைக் காணவில்லை. இடது.

பாடசாலையில் நல்லாயிருக்கிற தண்ணீர்க் குழாயில் 'பழுது' என்று பிரெஞ்சில் எழுதி ஒட்டினேன். அறிவியல் வாத்தியார் தொடக்கம் எல்லோரும் வாசித்துவிட்டு மூன்றாம் மாடிக்கு நடந்தார்கள். தரமான வேலை. திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் ஒருவரும் இல்லை. கூடச் சிரிக்க ஆள் இல்லாத குறும்பு வெறும் குற்றம். நானே கிழித்தேன். ஒரு தண்ணீரும் குடித்தேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னல் மேசை. முன்னால் வெறும் கதிரை. ஒரு பெண் வந்தாள், "இதில் ஆராவது இருக்கினமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். இல்லை என்றேன். கதிரையை எடுத்துக்கொண்டு போனாள்.

அம்மா ஃபோனில்: "இனி இஞ்ச ஆர் இருக்கிறது அக்கா? பார்க் எக்ஸ்டென்ஷனில வீட்டுக்கு ஒராள் ரொறன்ரோ. நாங்கள் எங்க போறது, இவருக்கு டோர்வல் எயார்போட்டில வேலை. பிளேனை விட்டுட்டு வாறாரோ?"

வியாழன், நவம்பர் 11

ஒ.வா.வுக்குப் பிறந்தநாளாம். கிழமை முழுக்க வரலாறு. இன்று போ.ஐ. சொன்னது: புடவைக் கடைக்குக் கீழே ஒரு நிலவறையில் தொடங்கினார்களாம். எதிரொலி வராமல் சுவர் முழுக்க முட்டை மட்டை. சபை மக்கள் முட்டை தின்று தின்று மட்டை சேர்த்தார்களாம். (முட்டையிட்ட முதல் வானொலி.) முதலில் ஒரு பிரெஞ்சு நிலையத்தில் கிழமைக்கு அரை மணித்தியாலம் வாடகைக்கு. அந்தக் காலத்தில் பக்கத்து அறைக் குளிர்ப்பெட்டியின் உறுமலும் ஒலிபரப்பாகும். யாரோ ஒரு நேயர், ஐயா பேசும்போது பரிசுத்த ஆவியின் சத்தம் கேட்குது என்று சாட்சி சொன்னாராம். போ.ஐ. அதைத் திருத்தவில்லையாம். அந்த இடத்தில் எனக்கு அந்த மனிதரைக் கொஞ்சம் பிடித்துவிட்டது.

நாளைக்கு விசேட 'மனம் திறந்து'. பழைய ஒலிப்பதிவுகள், நேயர் நினைவுகள்.

கணினி அரட்டையில் டி.க்கு இதையெல்லாம் எழுதினேன். நீளமாக. முட்டைப் பகிடியோடு. அவளுடைய பதில்: 'கே'. அவ்வளவுதான். 'ஓகே'யில் 'ஓ'வுக்கும் நேரமில்லை.

வெள்ளி, நவம்பர் 12

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பகிடி பிறகு.

ஆறரைக்கு எடுத்தேன். "ஹாய்." "டி, இண்டைக்கு முழுக்கக் கேக்கவேணும், சரியோ?" "ம்." பிடித்தேன்.

வாழ்த்துச் சொல்ல எடுத்தவர்கள் எல்லோரையும் செய்து காட்டினேன். இருமல் அங்கிள். எதற்கெடுத்தாலும் அழுகிற லவால் அன்ரி. பிறகு போ.ஐ., "இப்ப எங்கட பழைய நேயர் ஒருவற்ற குரல்" என்றார். பதிவு போட்டார்கள்.

"ஐயா, நான் றஜனி கதைக்கிறன். கேக்குதோ?"

அன்ரியேதான். பல வருடத்துக்கு முந்தியது. கனடா வந்து முதல் மாரியாம். மனுசன் இன்னும் கொழும்பிலையாம், விசா வரேல்லையாம். கைப்பிள்ளை இரவிரவா அழுகுதாம். "எனக்கு இஞ்ச ஒருத்தரையும் தெரியாது ஐயா. அதுதான் எடுத்தனான்." ஐயா உடனே ஜெபிக்கவில்லை. "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கைப்பிள்ளை டி. அவளைச் சீண்டுவோம் என்று, "கேட்டியோ, அப்பவே நீ ஒரு சைரன்" என்றேன்.

ஃபோனில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"டி?"

"நான் அன்ரி, பிள்ளை."

என் காது சுட்டது.

"டிலானி எங்க?"

"அவள் வெளியில போயிட்டாள். வெள்ளியில வொலிபோல். ஃபோனை மேசையில வச்சிட்டு ஓடிடுவாள். அவள் முதல் ஓடின நாள் நான் வைக்கப் போனன், ஐயான்ர குரல் கேட்டுது. அப்பிடியே நிண்டிட்டன்."

"அப்ப ஒவ்வொரு வெள்ளியும்..."

"நான்தான்."

நான் அந்த ஃபோனுக்குள் இத்தனை கிழமையும் சொன்னவை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அன்ரியின் குரல். அன்ரியின் நடை. அன்ரியின் மீன் குழம்பை மீனே கண்டு பயப்படும் என்றது.

"அன்ரி, சொறி."

"என்ர குரல் நல்லாத்தான் எடுக்கிறாய். 'கேக்குதோ' கொஞ்சம் இழுக்கவேணும்."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, மற்றதும் வரவில்லை. அங்கே தமிழ் ரேடியோ இல்லையா என்று கேட்டேன், எதையாவது கேட்க வேண்டுமே.

"நாலஞ்சு இருக்கு, பிள்ளை. ஒண்டிலையும் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அந்த இருமல் அண்ணைக்கு இன்னும் சுகமில்லையோ?"

சனி, நவம்பர் 13

ஜான்-டலோன் சந்தைக்கு அம்மாவோடு. பை தூக்க. பூசணிக்காய்கள் எல்லாம் பாதி விலை. அம்மா கேட்டார், "என்ன முகம் தூங்குது?" நித்திரை என்றேன்.

பின்னேரம் டி. அரட்டையில் வந்தாள். கேட்டேன்: நீ ஒருநாளும் கேட்டதே இல்லையா?

டி.: முதல் ரெண்டு தரம் கேட்டனான்.

டி.: அது இப்ப எனக்கு ஒரு மாதிரி போர், ஜெசி. நீ நல்ல சந்தோசமா இருந்தனி. சொல்ல மனம் வரேல்ல.

டி.: கோவமோ?

இல்லை என்று எழுதினேன். பிறகு ஒரு பகிடி எழுதினேன், அழித்தேன். இன்னொன்று. அதையும். நத்தாருக்கு வருவியா என்று எழுதினேன். 'பாப்பம். டீம் பிள்ளையளோட ஒரு பிளான் இருக்கு.' டீம் பிள்ளைகளுக்குப் பெயர்களும் சொன்னாள். ஒன்றும் மனதில் நிற்கவில்லை, நிற்கவிடவும் இல்லை.

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். பொய் என்றால் சண்டை பிடிக்கலாம்.

செவ்வாய், நவம்பர் 16

தலையிடி. மூக்கும் ஓடுகிறது, எங்கே போகிறதோ, ரொறன்ரோவாக்கும்.

முடிவு: வெள்ளி ஃபோன் எடுப்பதில்லை.

வெள்ளிக்கு வேறு வேலைகள்:
– தலை முழுகல்
– பிரெஞ்சுக் கட்டுரை
– இடது கையுறை தேடல்
– தம்பிக்குப் பேய் காட்டல்

என் அறைப் பெட்டியின் வயரைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அப்படியும் சுவர் வழியாகக் குசினியிலிருந்து போ.ஐ., "கேக்குதோ அம்மா, கேக்குதோ" என்று யாரையோ.

வெள்ளி, நவம்பர் 19

பனி. முதல் பனி. நிலத்தில் தங்கவில்லை.

தலை முழுகினேன். கட்டுரை இரண்டு வரி. தம்பி பேய்க்குப் பயப்படவில்லை, "அக்கா, கதவைச் சாத்து" என்றான்.

ஆறேகாலுக்குப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழிருந்து எடுத்தேன். தூசு துடைக்க மட்டும். வயரைக் கொளுவினேன், வேலை செய்கிறதா பார்க்க மட்டும். பிறகு நம்பரை அழுத்தினேன். அதற்கு மட்டும் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

டி. எடுத்தாள்.

"ஹாய்."

"ஹாய். எப்பிடி?"

"ஓகே. நீ?"

"ஓகே. இஞ்ச பனி."

"இஞ்ச இல்லை."

அவள் சப்பாத்துப் போடுகிற சத்தம். நான் ஏதாவது சொன்னால் நிற்பாள் என்று இருந்தது. வாயில் பகிடி ஒன்று தயாராக இருந்தது, நல்ல பகிடி. சொல்லவில்லை. நின்றால் எனக்காக நிற்பாள், அவ்வளவுதான்.

பிறகு அவள் ஃபோனிலிருந்து வாயை எடுத்துக் கத்தினாள்:

"அம்மா! உங்களுக்கு!"

கதவு சாத்திக்கொண்டது. செருப்புச் சத்தம். அன்ரி மூச்சு வாங்க வந்தார்.

"தொடங்கிட்டுதோ பிள்ளை?"

"இன்னும் இல்லை அன்ரி. விளம்பரம் போகுது. புடவைக் கடை, தள்ளுபடியாம்."

"அவங்களுக்கு எப்பதான் தள்ளுபடி இல்லை."

தொடங்கியது. ஃபோனைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்தேன். போ.ஐ. பனியைப் பற்றி ஒரு வசனம் சொன்னார். இருமல் அங்கிள் எடுத்தார், இருமினார், கேள்வி மறந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. கை மாற்றிப் பிடித்தேன். தோள் நொந்தது.

ஃபோனுக்குள்ளிருந்து அன்ரி கூப்பிடுகிற மாதிரிக் கேட்டது. காதில் வைத்தேன்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு ஒண்டும் கதைக்கிறாயில்லை? ஐயாவை மட்டும் கேக்கவோ நான் ஒவ்வொரு வெள்ளியும் நிண்டனான்? கதை."