வெற்று வானத்திலும் அதே கோடு

அன்புள்ள பத்தூல்,

மூன்று நாளாக எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. இந்தக் கடிதத்தையே நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்த விண்மீன் திரளின் நிறமாலையில் பளிச்சென்று ஒரு கோடு தெரிந்ததே. ஓய்ந்துபோனதென்று எல்லோரும் கைவிட்ட திரளில் இன்னும் விண்மீன்கள் பிறக்கின்றன, அதற்கு இதுதான் சாட்சி என்றேன்.

"அடியே, அது நம்ம தலைக்கு மேல இருக்கிற காத்தோட மினுக்கம்டி. பக்கத்துல வெறும் வானத்தையும் ஒருதடவை பாரு" என்றாய்.

"வயித்தெரிச்சல் புடிச்சவளே, போடி" என்றேன், ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும். நாம் சேர்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து உன் பெயரையும் எடுத்துவிட்டேன். இதழ் அதை ஏற்றுக்கொண்ட வெள்ளிக்கிழமை துறைக்கே குஸ்குஸ் சமைத்து விருந்து போட்டேன். நீ மட்டும் இல்லை.

திங்களன்று அந்த நிறமாலைப் பதிவைத் திறந்து, திரளுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்தேன். அங்கேயும் அதே கோடு, அதே இடத்தில்.

பேராசிரியரிடம் சொன்னேன். "இத வச்சுதானம்மா உனக்கு வேலை நிரந்தரமாகப் போகுது. யாரு தோண்டிப் பாக்கப் போறா? சும்மா இரு" என்றார்.

இன்று காலை கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதிவிட்டேன். காரணம் கேட்ட இடத்தில், 'இதை ஒருவர் முன்பே சொன்னார், நான் கேட்கவில்லை' என்று எழுதி உன் பெயரைப் போட்டிருக்கிறேன்.

அதற்கும் உன்னைக் கேட்கவில்லை.

உன் பக்கத்து மேசைக்காரி