பட்டன் அக்காவின் வீட்டுக்காரர்

பிள்ளைகளின் அப்பாவுக்கு வணக்கம். உங்கள் இருமல் நின்றதா? நான் சுகம்.

கம்பெனி ஹாஸ்டலில் என் அறையில் இருக்கும் பட்டன் தைக்கிற அக்கா, தலை வலிக்கிறது, பட்டன் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். கண்ணாடி போட்டால் சரியாகும் என்று கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "கண்ணாடி வேணாம்மா. கண்ணுக்குப் பின்னாடி நரம்பு வீங்கியிருக்கு. உடனே தலைய ஸ்கேன் பண்ணுங்க" என்றார். பார்த்தால் மூளையில் கட்டி. பயப்படாதீர்கள், ஆபரேஷன் முடிந்து தேறிவிட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் சேதி கேட்டதும் பறந்து வந்துவிட்டார். ஊட்டிவிடுகிறார், கால் பிடித்துவிடுகிறார். எனக்கு வயிறு எரிகிறது. கட்டி வந்தவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

இன்று நானும் போய்க் கண்ணைக் காட்டினேன். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, போய் வேலையப் பாருங்க" என்றார் டாக்டர். சந்தோஷப்படத் தோன்றவில்லை.

தலைவலித் தைலம் ஒன்று அனுப்புங்கள். இனிமேல் மிஸ்டு கால் விடாமல் நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். சொட்டு மருந்தால் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, வரி கோணலாக இருப்பது அதனால்தான். தாளில் இருக்கும் ஈரமும் மருந்துதான்.

ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரி